இங்கிலீஷில் ஒரு 'ங்க'

எங்கள் கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கிலீஷ் வகுப்பு நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் படித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். பேசுகிற தமிழையே மிஷின் சத்தத்தில் பாதி விழுங்கித்தான் பேசுகிறோம், இதில் இங்கிலீஷ் வேறா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷே போதும். காலர், ஸ்லீவ், பீஸ், ஷிப்மென்ட், அர்ஜென்ட். வீரபாண்டியில் ஒரு டைலர் பிழைத்துக்கிடக்க இதற்கு மேல் வேண்டியதில்லை.

கை கழுவிவிட்டு வந்தால் மருதாள் இன்னும் அந்த நோட்டீஸ் முன்னால் நிற்கிறாள்.

மருதாளும் நானும் அவிநாசிபாளையத்தில் ஒரே கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். ஒரே வயசு. நான் தைக்கிற லைனின் கடைசியில் செக்கிங் மேஜை இருக்கிறது, அதில் நிற்பவள் அவள். நான் ஸ்லீவ் தைத்து விட்டால் பனியன் இன்னும் பல கைகளைத் தாண்டி அவளிடம் போகும். விளக்குக்கு நேராகப் பிடித்து, உள்ளே கையை விட்டுத் திருப்பி, தோள், கழுத்து, அடிமடிப்பு என்று பார்ப்பாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறு போகாது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் இன்னும் அதிகமாக ஒட்டுவாள்.

ஆனால் அவள் ஒட்டுகிற ஸ்டிக்கர் நிலைத்து நிற்காது. அவளுக்கு மேலே தரம் பார்த்து அனுப்புகிற க்யூசி என்று ஒரு பையன் இருப்பான். ஷிப்மென்ட் நெருங்கினால் வந்து, 'இதெல்லாம் பரவால்லக்கா' என்று ஸ்டிக்கரை உரித்துவிட்டு அனுப்பிவிடுவான். போன மழைக்காலத்தில் அப்படி அனுப்பிய லாட் முழுசாகத் திரும்பி வந்தது. ஸ்டிக்கரை உரித்த பையன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கியவள் மருதாள்தான். அன்றைக்கு வேனில் அவள் முன் சீட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் மட்டும் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தேன்.

இப்போது சரக்கு வாங்குகிற பையர் ஆபீஸில் இருந்தே சொல்லிவிட்டார்களாம், க்யூசிக்கு வெளியாள் வேண்டாம், ஃப்ளோரில் வேலை தெரிந்தவர்களையே எடுங்கள் என்று. முதலாளி திருமூர்த்தி, மருதாள் பெயரைக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பெங்களூரில் இருந்து பையர் ஆபீஸ் மேடம் ஒருவர் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. தினமும் என்ன வேலை செய்கிறாள் என்று மருதாள் அவரிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் மறுபடி வெளியில் இருந்து ஒரு பையன் வருவான், மறுபடி ஸ்டிக்கரை உரிப்பான்.

இந்த வயசில் உனக்கு இது தேவையா என்று கேட்டேன்.

"நாஞ் சொன்னா அந்தச் சொல்லு நிக்கோணும் புள்ள. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்" என்றாள்.

துணைக்கு நானும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவள் ஜனனி. உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண், காலேஜ் முடித்துவிட்டு எங்கள் ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவள். கேன்டீன் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, சிம்பிள் பிரசன்ட் என்று எழுதினாள். தினமும் செய்கிறதைச் சொல்வதற்கு இது என்றாள். அப்படியானால் இது எங்களுக்கென்றே செய்த சாமான் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் வருகிறோம், தினமும் தைக்கிறோம், தினமும் போகிறோம். மற்ற காலமெல்லாம் மற்றவர்களுக்கு.

ஐ கம், யூ கம், வீ கம், தே கம். நாங்களும் கூடவே சொன்னோம். பிறகு ஹீ கம்ஸ், ஷீ கம்ஸ், இட் கம்ஸ். அவன், அவள், அது வந்தால் மட்டும் கடைசியில் ஒரு எஸ் வரும் என்றாள் ஜனனி. எதுக்கு என்று யாரோ கேட்டார்கள். ரூல் அப்படித்தான் என்றாள்.

மருதாள் கையைத் தூக்கினாள். "ஏனுங்க அம்மிணி, அது நம்ம 'ங்க' மாதிரிங்களா?"

ஜனனிக்குப் புரியவில்லை. எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் எங்களுடையது. வா என்றால் வெறும் சொல், 'ங்க' சேர்த்தால்தான் அதில் ஒரு மனுஷர் நிற்கிறார். கம் என்பது வெறும் கம். எஸ் சேர்த்தால் மரியாதை. 'ஐ'க்கு மட்டும் எஸ் கிடையாது, நியாயம்தானே, தனக்குத் தானே யாராவது 'ங்க' போட்டுக்கொள்வார்களா? கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஜனனி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோது மணி அடித்துவிட்டது. அவள் மறுப்பதற்குள் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிட்டது, எஸ் என்றால் இங்கிலீஷ் 'ங்க' என்று.

அதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. எம்டி கம்ஸ் என்பதில் எஸ்ஸை யாரும் மறக்கவில்லை. ஹெல்பர் வந்தால் வெறும் கம்தான். செக்கிங் மேஜை வேலையைச் சொல்லும்போதுதான் தகராறு. செக் என்கிற அந்தச் சொல்லோடு எஸ் சேர்ந்தால் என்ன சத்தம் வருகிறது என்று நான் எழுதத் தேவையில்லை. பின் வரிசை தலையைக் குனிந்து குலுங்கியது. ஜனனி முகம் சிவந்துபோய், அந்த வார்த்தையைப் பலகையில் இருந்தே அழித்துவிட்டு ஃபைண்ட் என்று எழுதினாள். மிஸ்டேக்கைக் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா, ஐ ஃபைண்ட் என்றே சொல்லுங்கள் என்றாள். மருதாளுக்கு அது இன்னும் பிடித்திருந்தது. பார்க்கிறது பெரிசா, கண்டுபிடிக்கிறதல்லவா பெரிசு.

ஒரு நாள் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் ஜனனி. மருதாள் எழுந்து, மை ஹஸ்பண்ட் டிரிங்க் என்றாள். டிரிங்க்ஸ் என்று ஜனனி திருத்தினாள்.

"அந்தாளுக்கு எஸ் வேண்டாமுங்க அம்மிணி."

கேன்டீன் சிரித்த சிரிப்பில் ஜனனியும் சிரித்துவிட்டாள். பிறகு பலகையில் தி டாக் ஈட்ஸ் என்று எழுதி, நாய்க்கும் எஸ் உண்டு, இது மரியாதை இல்லை, ஆளைப் பார்த்துப் போடுவதில்லை என்று பொறுமையாக விளக்கினாள். மருதாள் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கூட, இத்தோடு இவள் கணக்கு உடைந்தது என்று நினைத்தேன்.

"நாய்க்கே குடுக்கறாங்கன்னா நல்ல பாஷைதானுங்க" என்றாள் மருதாள். "அப்ப என்ற ஊட்டுக்காரருக்கும் ஒண்ணு போட்டுருங்க. மை ஹஸ்பண்ட் டிரிங்க்ஸ்."

அன்றிலிருந்து அவள் பயிற்சியைப் பார்க்க வேண்டும். பனியனைத் திருப்பிக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஃபேன் ரன்ஸ். லைட் பர்ன்ஸ். நீடில் கோஸ், நீடில் கம்ஸ். பட்டன் வைக்கிற ஒடிசாப் பையன் கம்ஸ். வேன் டிரைவர் ஷவுட்ஸ். கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு எஸ். ஃபேனுக்குமா 'ங்க' போடுகிறாய் என்று நான் கிண்டல் செய்ததற்கு, அது ஓடாத அன்றைக்குத் தெரியும் அதன் மரியாதை என்றாள்.

இத்தனை எஸ்ஸும் வந்தவளுக்கு ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. 'யூ'. எதிரில் நிற்கிறவரைப் பார்த்து யூ கம் என்று அவள் வாய் சொல்லவே மாட்டேன் என்றது. யூ கம்ஸ் என்பாள், யூ ஃபைண்ட்ஸ் என்பாள். ஜனனி தலையில் கை வைத்துக்கொண்டாள். வரப்போகிற மேடம் ரொம்பக் கறார், எஸ்ஸை விட்டாலும் பிடித்துக்கொள்வார், சேர்த்தாலும் பிடித்துக்கொள்வார், இந்த ஒரு இடத்தில் சறுக்கினால் அடிப்படையே தெரியவில்லை என்று எழுதிவிடுவார் என்று பயந்தாள். தினமும் மருதாளைத் தன் முன்னால் நிறுத்தி, என்னைப் பார்த்து யூ கம் சொல்லுங்க அக்கா என்று கெஞ்சினாள். மருதாள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். 'யூ' வரும். அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றுவிடுவாள்.

"வாயே வரமாட்டீங்குதுங்க அம்மிணி. உங்க மூஞ்சியப் பாத்து 'நீ வா'ன்னு சொல்ற மாதிரி இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. வேலை இவள் கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ஒரு எழுத்தை விடச் சொன்னால் விட மாட்டேன் என்கிறாளே. மேடத்தை நீ வா போ என்று பேசினால் அவர் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டார், அவர் பாஷையே அதுதான் என்று வேனில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கவனிச்சியா புள்ள? இங்கிலீசுல ஆளு எதுத்தாப்புல இருந்தா எஸ் இல்ல. அக்கட்டால போனப்பறம் அவங்களப் பத்திப் பேசறப்பத்தான் எஸ்சு. நம்மூர்ல எதுத்தாப்புல இருக்கறப்ப மட்டுந்தான 'ங்க' போடறோம்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். முதலாளி ஃப்ளோருக்குள் வந்தால் வாங்க, சொல்லுங்க. அவர் படியிறங்கினதும் அந்தாள், இவன். சூப்பர்வைசருக்கும் அப்படித்தான், ஜனனிக்கும் அப்படித்தான். மருதாள் மேஜையை விட்டு நகர்ந்தால் அவளைப் பற்றியும் லைனில் அப்படித்தான் பேசுவார்கள், இவளுக்கெல்லாம் க்யூசி கோட்டு கேட்குதா என்று. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தனை பேருக்கும் எஸ் போட்டுப் பழகியிருக்கிறாள். வேன் கம்பெனி வாசலில் நிற்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

மேடம் ஒரு காலையில் வந்தார். கிட்டத்தட்ட எங்கள் வயசுதான் இருக்கும். தனி ரூமில் வைத்துக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம், அவர் நேராகச் செக்கிங் மேஜைக்கே வந்துவிட்டார். பின்னால் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜனனி உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். லைன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் யாரும் தைக்கவில்லை என்றே சொல்லலாம். பெடலை மிதித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தோம்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று மேடம் இங்கிலீஷில் கேட்டார்.

மருதாள் ஒரு பனியனைக் கையில் எடுத்துக்கொண்டாள். கையில் பனியன் இருந்தால் அவளுக்குப் பயம் வராது. "ஐ டேக் ஒன் பீஸ். ஐ டர்ன். ஐ லுக் நெக், ஐ லுக் ஷோல்டர். ஐ ஃபைண்ட் மிஸ்டேக். ஐ புட் ஸ்டிக்கர்." ஒவ்வொன்றையும் கை செய்தது, வாய் சொன்னது. ஒரு இடத்திலும் எஸ் இல்லை. தனக்குத் தானே 'ங்க' போட்டுக்கொள்ளாதவள் அவள்.

மேடம் தலையாட்டினார். சட்டென்று என் பக்கம் கையைக் காட்டி, இவர் என்ன செய்கிறார் என்றார்.

"சித்ரகலா ஸ்டிட்சஸ் ஸ்லீவ்" என்றாள் மருதாள். "ஷீ ஸ்டிட்சஸ் வெல்."

நான் குனிந்து நூலைச் சரிசெய்கிற மாதிரி இருந்தேன். தைக்க வந்த நாளில் இருந்து எனக்கு ஏ, இந்தா, சித்ரா, டைலர் என்று எத்தனையோ பெயர்கள். என் வேலைக்குப் பின்னால் யாரும் இப்படி ஒரு சத்தத்தைச் சேர்த்துச் சொன்னதில்லை. அது வெறும் இலக்கணம்தான். ஆனாலும் கோத்த நூலையே மறுபடி கோத்தேன்.

மேடம் கொஞ்சம் இளகி, வீட்டைப் பற்றிக் கேட்டார். உங்கள் கணவர் என்ன செய்கிறார்? இப்போது லைனில் பெடல்கூட மிதிபடவில்லை. அந்த மனுஷர் என்ன செய்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மருதாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஹீ ஸ்லீப்ஸ், மேடம்."

நைட் ஷிப்டா என்று மேடம் கேட்டார். மருதாள் சிரித்து வைத்தாள். பொய்யும் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை, எஸ்ஸையும் விடவில்லை. முதலாளி திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

முடிந்தது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் மேடம் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு விளையாட்டாகக் கேட்டார். சரி, நான்? நான் இங்கே என்ன செய்கிறேன்?

ஜனனி கண்ணை மூடிக்கொண்டாள். பயந்த இடம் இதுதான். யூ கம், யூ ஆஸ்க் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எஸ்ஸைச் சேர்த்தால் தப்பு. மருதாள் உதடு குவிவது எனக்குத் தெரிந்தது. 'யூ' வந்தது. அப்புறம் நின்றது. ஜனனி முன்னால் நிற்பதைப் போலவே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். சொல்லித் தொலையேண்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன். போச்சு, அந்தப் பையன் வரப்போகிறான், ஸ்டிக்கரை உரிக்கப்போகிறான்.

மருதாள் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம் கம்ஸ்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "மேடம் ஆஸ்க்ஸ். ஐ ஆன்ஸர்."

எதிரில் நிற்கிறவரை நீ என்று சொல்ல முடியாதபோது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். டாக்டரிடம் 'டாக்டருங்க என்ன சொல்றாங்க' என்போம், வாத்தியாரிடம் 'சாருங்க எப்ப வர்றாங்க' என்போம். அதையே தூக்கிக்கொண்டுபோய் இங்கிலீஷில் வைத்துவிட்டாள். எஸ் அதன் இடத்தில் இருந்தது. மரியாதை அதன் இடத்தில் இருந்தது. ஜனனி கண்ணைத் திறந்து, தப்பு தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் விழித்தாள்.

மேடம் மருதாள் கையில் இருந்த பனியனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, இவர் ஒட்டுகிற ஸ்டிக்கரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்றார். அந்த இங்கிலீஷ் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

மறுநாளே மருதாளுக்கு நீலக் கோட்டு வந்தது. லைனுக்கு லைன் நடந்து பார்க்கிற வேலை, மேஜையில் நிற்பது இல்லை. மதிய வகுப்புக்கும் அவளால் எப்போதும் வர முடிவதில்லை. நான் போகிறேன். துணைக்கு வந்தவள் ஏன் இன்னும் வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று தெரியும்.

கோட்டு வந்த வாரத்தில் ஒரு மதியம் ஜனனி என்னை எழுப்பி, எங்கள் லைனைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மருதாள் கேன்டீனில் இல்லை. பின் வரிசையில் அவளைப் பற்றித்தான் குசுகுசுவென்று போய்க்கொண்டிருந்தது, கோட்டு வந்ததும் அவள் நடையைப் பார்த்தாயா, அவள் நாக்கைப் பார்த்தாயா என்று. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சத்தமாகச் சொன்னேன்.

"ஐ ஸ்டிட்ச். மருதாள் ஃபைண்ட்ஸ்."

கடைசி எஸ்ஸை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். வெரி குட் என்றாள் ஜனனி. குசுகுசு நின்றுவிட்டது. சிநேகிதி என்பதால் இத்தனை காலமும் வா புள்ள, போ புள்ள என்று பேசிக்கொண்டிருந்தேன், இனியும் அப்படித்தான் பேசுவேன், அவள் முகத்துக்கு நேரே எஸ் கிடைக்காது. ஆனால் அவள் இல்லாத இடத்தில் அவளுக்கு ஒரு 'ங்க' போட ஆள் இருக்கிறது. அவளைப் போல ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெருமையோடு திரும்பி வந்து என் மிஷினில் உட்கார்ந்தேன். மேஜை மேல் நான் காலையில் தைத்த பனியன் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. இடது ஸ்லீவில் ஒரு தையல் விட்டிருந்தது. அதற்கு நேராகச் சிவப்பு அம்பு.

சுற்றுமுற்றும் பார்த்தேன். நீலக் கோட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டிருந்தது. நான் நகத்தால் ஸ்டிக்கரை லேசாக நெம்பிப் பார்த்தேன், பிறகு கையை எடுத்துக்கொண்டு தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.